கம்ப்யூட்டரை மூடி வைக்க வேண்டாம்! கழுத்து, கை, இடுப்பு வலிக்கு பிசியோதெரபியும் வீட்டுப் பயிற்சிகளும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ராம் 8 ஜிபி போதுமா, ஆன்டி வைரஸ் தனியாக வாங்க வேண்டுமா, கரண்ட் போனால் யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்றெல்லாம் கேட்பார்கள். மானிட்டரை எந்த உயரத்தில் வைப்பது, எந்த நாற்காலியில் உட்காருவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே மேஜை போகும். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலி வரும். அவ்வளவுதான். சில மாதங்கள் கழித்து அதே நண்பர் மீண்டும் போன் செய்வார். இந்த முறை கேள்வி வேறு. "கழுத்து வலிக்கிறதே, கம்ப்யூட்டரால்தானா? இனி தொடக் கூடாதா?"

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். பகல் முழுவதும் திரை முன்னால்தான் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் உயரத்தை மாற்றக் கூடிய நாற்காலி உண்டு. அவ்வப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து, ஒவ்வொருவரும் உட்காரும் முறையைப் பார்த்துத் திருத்திச் சொல்வார். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இதனைச் சொல்ல ஆள் இல்லை. எனவே என் அலுவலகத்திலும், அதைவிட அதிகமாக என் அப்பாவின் கழுத்து வலியிலும் கற்றுக் கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

வலி ஏன் வருகிறது?

கம்ப்யூட்டரில் நாம் மூட்டை தூக்குவதில்லை, ஓடுவதும் இல்லை. பிறகு ஏன் வலி? அசையாமல் இருப்பதுதான் காரணம். தசை சுருங்கி விரியும்போது அதனுள் ரத்தம் நன்றாகப் பாயும். ஒரே நிலையில் இறுகி நின்றால் ரத்த ஓட்டம் குறையும். சற்று நேரத்தில் தசை களைத்து, இறுகி, வலிக்கத் தொடங்கும்.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தலை தோள்களுக்கு நேர் மேலே இருக்கும் வரை இது பெரிய சுமை இல்லை. முன்னால் குனியக் குனிய, பின் கழுத்துத் தசைகள் அதனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ், 2014 ஆம் ஆண்டில் இதனை ஒரு கம்ப்யூட்டர் மாதிரியைக் கொண்டு கணக்கிட்டார். தலை 60 டிகிரி குனியும்போது கழுத்தெலும்பின் மீது விழும் சுமை 27 கிலோ வரை செல்லலாம் என்பது அவர் கண்ட விடை. ஒரு அரிசி மூட்டையைக் கழுத்தில் வைத்துக் கொண்டு மொபைல் பார்ப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள்.

கைகளுக்கு வேறு பிரச்னை. கீ போர்டிலும் மவுஸிலும் விரல்கள் செய்வது மிகச் சிறிய அசைவுதான். ஆனால் அதே அசைவு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கிய நிலையில் இது நடந்தால், முன்கையின் தசைநார்கள் உரசி வலி எடுக்கும். இடுப்பைப் பொறுத்தவரை, கூன் போட்டு நாற்காலியின் நுனியில் உட்காருவதே பெரும் எதிரி.

பிசியோதெரபி நிலையத்தில் என்ன செய்வார்கள்?

வலி என்று போனதும் நமக்குத் தெரிய வருபவை மெஷின்கள்தான். அவை என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது.

டென்ஸ், ஐஎப்டி: வலி உள்ள இடத்தில் சிறு பட்டைகளை ஒட்டி, மிகக் குறைந்த அளவில் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். எறும்பு ஊர்வது போல் இருக்கும். காலை இடித்துக் கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்து விடுகிறோம் அல்லவா? தேய்க்கும் உணர்வு மூளைக்குச் செல்லும்போது வலியின் செய்தி சற்று அடங்குகிறது. இதனை 1965 ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவரும் ஒரு கொள்கையாக விளக்கினார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது; தொடு உணர்வு அதிகம் வந்தால் வலிக்கான கதவு மூடிக் கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். டென்ஸ் கருவி இந்த அடிப்படையில் உருவானதுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதனை முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

அல்ட்ரா சவுண்ட்: ஜெல் தடவி, ஒரு சிறு குமிழ் போன்ற கருவியைத் தேய்ப்பார்கள். வயிற்றை ஸ்கேன் எடுப்பது போன்றது அல்ல இது. இங்கே ஒலி அலைகள் படம் எடுப்பதற்குப் பதிலாக திசுக்களைச் சூடாக்கப் பயன்படுகின்றன.

மெழுகு ஒத்தடம்: உருக்கிய பாரபின் மெழுகில், சுமார் 52 முதல் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில், கையை முக்கி எடுப்பார்கள். விரல் மூட்டு விறைப்புக்கு இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால் இது ஆபத்து.

ட்ராக்ஷன்: கழுத்தையோ இடுப்பையோ எடை கட்டி அல்லது மெஷின் மூலம் மெதுவாக இழுப்பது.

இவை அனைத்தும் சில மணி நேரமோ சில நாட்களோ வலியைக் குறைக்கலாம். ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால் பலன் நிற்காது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2016 ஆம் ஆண்டில் இடுப்பு வலிக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதில் அல்ட்ரா சவுண்ட், டென்ஸ், ஐஎப்டி, ட்ராக்ஷன், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்றும், உடற்பயிற்சிக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. ஹேங் ஆன கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் அப்போதைக்குச் சரியாகும். ஆனால் கோளாறு தரும் புரோகிராம் உள்ளேயே இருந்தால் நாளையும் ஹேங் ஆகும். மெஷின் சிகிச்சை ரீஸ்டார்ட் போன்றது. உட்காரும் முறையையும் தசையின் பலத்தையும் மாற்றுவதுதான் புரோகிராமைத் திருத்துவது.

அப்பாவின் கழுத்து வலி

என் அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒரே காரணத்துக்காக கம்ப்யூட்டர் வாங்கினார். தாத்தா தன் வாழ்நாளில் எழுதிய டைரிகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தாள்கள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிர்கிறது. உதிர்வதற்குள் அவற்றை டைப் செய்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். தமிழ் டைப்பிங் கற்று மூன்று டைரிகளை முடித்தார். நான்காவதில் கழுத்து வலி பிடித்துக் கொண்டது. வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்க முடியாத அளவுக்கு விறைப்பு.

அருகில் இருந்த ஒரு கிளினிக்கில் 10 சிட்டிங் ஐஎப்டியும் ட்ராக்ஷனும் கொடுத்தார்கள். வலி குறைந்தது. அடுத்த வாரமே திரும்பி வந்தது. "இனி கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க" என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடினார். டிரங்குப் பெட்டியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் மாலை நேரங்களில் அவர் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு தெரிந்தவர் மூலம் இன்னொரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கழுத்தைத் தொடுவதற்கு முன்பே, "சார், எங்க உட்கார்ந்து டைப் பண்ணுவீங்க, கொஞ்சம் காட்டுங்க" என்றார். உறையை எடுத்து, அப்பாவை உட்கார வைத்து, 10 நிமிடம் டைப் செய்யச் சொல்லிப் பார்த்துக் கொண்டே இருந்தார். பிறகு மூன்று விஷயங்களைச் சொன்னார்.

முதலாவது, மானிட்டர் உயரத்தில் இருந்தது. கடையில் விற்கும் கம்ப்யூட்டர் மேஜைகளில் மானிட்டருக்கென மேலே ஒரு தட்டு இருக்குமே, அதில்தான் இருந்தது. அப்பா அணிவது பைபோகல் கண்ணாடி. கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கும். திரையில் உள்ள எழுத்தைக் கீழ்ப்பாதி வழியாகப் படிக்க வேண்டும் என்றால் தாடையைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அப்படித்தான் நடந்து கொண்டிருந்தது.

இரண்டாவது, டைரி மேஜையின் இடது பக்கம் படுக்கையாகக் கிடந்தது. கழுத்து இடது பக்கம் குனிந்து, பிறகு மேலே நிமிர்ந்து, மீண்டும் குனிந்து ஊஞ்சல் ஆடிக் கொண்டிருந்தது.

மூன்றாவது, ஒரு முறை உட்கார்ந்தால் அப்பா இரண்டு மணி நேரம் எழுந்திருப்பதில்லை.

மானிட்டர் மேல் தட்டிலிருந்து மேஜைக்கு இறங்கியது. பூஜை அறையில் ராமாயணம் வைத்துப் படிக்கும் சிக்குப்பலகை இருந்தது. மரத்தாலான, மடித்து விரிக்கும் புத்தகத் தாங்கி. அதனை மானிட்டருக்கு ஒட்டினாற்போல் வைத்து டைரியை அதில் நிறுத்தினோம். செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. பின்னர் கீழே தந்துள்ள கழுத்துப் பயிற்சிகளை அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். "அப்ப கம்ப்யூட்டரைத் தொடலாமாம்மா?" என்று அப்பா கேட்டார். "தாராளமா தொடலாம் சார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருச்சிடுங்க, அது போதும்" என்றார் அவர்.

ஆறு வாரத்தில் வலி முற்றிலும் மறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். குளிர் நாட்களில் இன்னும் விறைப்பு வருகிறது. ஆனால் வண்டியில் திரும்பிப் பார்க்க முடிகிறது. ஒரு நாளைக்கு மூன்று தவணையாக அரை மணி நேரம் டைப் செய்கிறார். இப்போது ஆறாவது டைரியில் இருக்கிறார்.

முதலில் மேஜையைச் சரி செய்திடுங்கள்

1. மானிட்டரை ஒரு கை நீளத் தொலைவில், உங்களுக்கு நேர் எதிரே வைத்திடவும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். பைபோகல் அல்லது புரோகிரஸ்சிவ் கண்ணாடி அணிபவர்கள் மேலும் கீழே இறக்கி, திரையைச் சற்று மேல் நோக்கிச் சாய்த்திடவும்.

2. கீ போர்டின் பின்புறம் இரு சிறு கால்கள் இருக்கும். பலரும் அவற்றை நிமிர்த்தி வைக்கிறார்கள். மடக்கிவிடுங்கள். அப்போதுதான் மணிக்கட்டு நேராக இருக்கும். முழங்கை ஏறத்தாழ 90 டிகிரி மடங்கி, தோள்கள் தளர்ந்து இருக்கட்டும். மவுஸ் கீ போர்டை ஒட்டியே இருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடிக்கும் தொலைவில் கூடாது.

3. முதுகு முழுவதும் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். சாதாரண நாற்காலி என்றால் ஒரு டவலைச் சுருட்டி இடுப்பின் வளைவில் வைத்திடவும். பாதம் தரையில் முழுவதும் பதிய வேண்டும். குழந்தைகளுக்குக் கால் எட்டாது. மணையையோ சிறிய முக்காலியையோ காலுக்குக் கீழே போடவும்.

4. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். திரை சரியான உயரத்தில் இருந்தால் கீ போர்டு உயரமாகிவிடும்; கீ போர்டு சரியாக இருந்தால் திரை தாழ்ந்துவிடும். நீண்ட நேரம் வேலை செய்பவர்கள் லேப்டாப்பை நான்கைந்து கனமான புத்தகங்களின் மேல் வைத்து, தனி கீ போர்டும் மவுஸும் இணைத்திடவும். சம்மணமிட்டு மடியில் வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலைக்கு மட்டும்.

வீட்டிலேயே செய்யக் கூடிய பயிற்சிகள்

எந்தப் பயிற்சியையும் மெதுவாகச் செய்திடவும். தசை இழுபடும் உணர்வு இருக்கலாம். சுருக்கென்று குத்தும் வலி, மரத்துப் போதல், தலை சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிடவும்.

கழுத்துக்கு:

தாடையை உள்ளிழுத்தல் - நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்க்கவும். தலையைக் குனியாமல், நிமிர்த்தாமல், தாடையை மட்டும் நேராகப் பின்னால் இழுக்கவும். இரட்டை நாடி விழுவது போல் இருக்கும். 5 விநாடி நிறுத்தி விடவும். 10 முறை. அப்பாவுக்கு அதிகம் கை கொடுத்தது இதுதான்.

தோள்பட்டை சேர்த்தல் - இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஒரு பென்சிலைப் பிடிப்பதாக எண்ணிப் பின்னால் சேர்க்கவும். தோள் காதை நோக்கி உயரக் கூடாது. 5 விநாடி, 10 முறை.

பக்கவாட்டு இழுப்பு - வலது கையால் நாற்காலியின் அடியைப் பிடித்துக் கொண்டு, தலையை இடது தோள் பக்கம் சாய்க்கவும். 20 விநாடி. பிறகு மறுபக்கம். தலா 3 முறை.

கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பது பயிற்சி அல்ல. முடி வெட்டிய பின் சலூனில் இப்படிச் செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திடீர்த் திருப்பலில் கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்படுவது அரிது, ஆனால் ஏற்பட்டிருக்கிறது.

கைக்கு:

மணிக்கட்டு இழுப்பு - கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்திடவும். மறு கையால் விரல்களைப் பிடித்துக் கீழ் நோக்கி மடக்கவும். 20 விநாடி. பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களைக் கீழே இழுக்கவும். தலா 3 முறை.

விரல் பயிற்சி - விரல்களை நேராக நிமிர்த்தவும். பிறகு கொக்கி போல் நுனிகளை மட்டும் மடக்கவும். மீண்டும் நிமிர்த்தி, முழுவதும் மூடி முஷ்டி பிடிக்கவும். மீண்டும் நிமிர்த்தி, விரல்களை மடக்காமல் அடிப்பகுதியில் மட்டும் வளைத்து மேஜை போல் ஆக்கவும். இதுபோல் 5 சுற்று. தசைநார்கள் தம் உறைக்குள் தடையின்றி வழுக்கிச் செல்ல இது உதவும்.

இடுப்புக்கு:

நின்று பின்னால் வளைதல் - எழுந்து நின்று, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முழங்காலை மடக்காமல் மெதுவாகப் பின்னால் சாயவும். 5 முதல் 10 முறை. நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் செய்யலாம்.

குப்புறப் படுத்து எழும்புதல் - பாயில் இரண்டு நிமிடம் குப்புறப் படுக்கவும். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தவும். இது பழகிய பிறகு, கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தி இறக்கவும். இடுப்பு பாயிலேயே இருக்க வேண்டும். 10 முறை. கர்ப்பிணிகள், எலும்பு பலவீனம் உள்ளவர்கள், குனிந்தால்தான் வலி குறைகிறது என்பவர்கள் இதனைத் தாமாகச் செய்ய வேண்டாம்.

காலுக்கு:

உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தவும். தொடைத் தசை இறுகுவது தெரியும். தலா 10 முறை. பிறகு பாதத்தை மேலும் கீழுமாக 20 முறை அசைக்கவும். பெரியவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். 10 முறை. முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றியே செய்யலாம். மாடி ஏறுவதற்கும், தடுமாறி விழாமல் இருப்பதற்கும் தேவைப்படும் தசைகள் இதில்தான் பலம் பெறும்.

வலி எந்தப் பக்கம் நகர்கிறது?

இடுப்புப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1956 ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம், இடுப்பிலிருந்து கால் வரை வலி பரவிய ஒருவர் சிகிச்சைக்கு வந்து கொண்டிருந்தார். ஒரு நாள் அவரை அறைக்குள் சென்று படுக்கச் சொன்னார் மெக்கென்சி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பகுதி உயர்த்தப்பட்டிருந்தது. வந்தவர் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் நன்றாக வளைந்த நிலை. அது கெடுதல் என்றே அந்நாளில் கருதப்பட்டது. மெக்கென்சி திரும்பி வந்து பதறிப் போய்க் கேட்டபோது, கால் வலி போய்விட்டது என்றார் அந்த மனிதர். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் மெக்கென்சி முறை. மக்கள் தாங்களே செய்து கொள்ள 1980 ஆம் ஆண்டில் இதனைப் புத்தகமாகவும் எழுதினார் அவர்.

இதிலிருந்து நமக்கு ஒரு எளிய விதி கிடைக்கிறது. பயிற்சி செய்யும்போது கால் வலி குறைந்து, வலி இடுப்பை நோக்கி ஏறி வந்தால் நல்ல அறிகுறி. இடுப்பில் சற்று அதிகம் வலித்தாலும் தொடரலாம். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு ஆலோசனை பெற வேண்டும். கழுத்துக்கும் கைக்கும் இதே விதிதான்.

கை மரத்துப் போனால் கம்ப்யூட்டர்தான் காரணமா?

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை இரவில் மரத்துப் போய், கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் உள்ள சுரங்கம் போன்ற இடத்தில் ஒரு நரம்பு அழுத்தப்படுவதால் இது வரலாம். கார்பல் டனல் என்று பெயர். சுண்டு விரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பித்துவிடும். கம்ப்யூட்டர்தான் இதற்குக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அதிக நேரம் கம்ப்யூட்டரில் பணிபுரியும் ஊழியர்களிடமும் இது பொதுமக்களிடம் காணப்படும் அளவில்தான் இருந்தது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் ஆகியவையும் காரணமாகலாம். எனவே மவுஸை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனையும் செய்து கொள்வது நல்லது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை பிசியோதெரபிஸ்ட் பரிந்துரைப்பார்.

கம்ப்யூட்டரே உதவும்

எழுத்து சிறிதாக இருப்பதால்தான் பலர் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டுகிறார்கள். விண்டோஸ் 11 தொகுப்பில் விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் அக்சசிபிலிட்டி, பிறகு டெக்ஸ்ட் சைஸ் சென்று எழுத்தைப் பெரிதாக்கிடவும். இணையப் பக்கங்களை மட்டும் பெரிதாக்க, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸின் சக்கரத்தைச் சுழற்றினால் போதும்.

வலது கை வலித்தால் சில நாட்கள் மவுஸை இடது கைக்கு மாற்றலாம். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று சென்று, பிரைமரி மவுஸ் பட்டன் என்பதில் ரைட் எனத் தேர்ந்தெடுக்கவும். இரண்டு நாள் தடுமாறும். பிறகு பழகிவிடும்.

டைப் செய்யாமலும் எழுதலாம். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என மாற்றிடவும். மைக் படத்தில் கிளிக் செய்து பேசினால் எழுத்தாக வரும். அப்பா இப்போது டைரியின் நீண்ட பகுதிகளை வாய்விட்டுப் படித்தே ஏற்றுகிறார். ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் தவறாக வரும். அவற்றை மட்டும் பிறகு திருத்திக் கொள்ள வேண்டும்.

விண்டோஸின் கிளாக் அப்ளிகேஷனில் டைமர் இருக்கிறது. 30 நிமிடம் வைத்துக் கொள்ளவும். மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். "இந்த ஒரு வரியை மட்டும் முடித்துவிட்டு" என்பது கூடாது.

எப்போது உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்?

கீழே விழுந்த பின் அல்லது விபத்துக்குப் பின் வந்த வலி. காய்ச்சலோடு, அல்லது காரணமின்றி எடை குறைவதோடு சேர்ந்த வலி. கையில் பிடித்த டம்ளர் நழுவும் அளவுக்கு பலம் குறைதல். காலில் பலம் குறைதல். தொடைகளின் நடுவே உணர்ச்சி இல்லாமல் போதல். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல். இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். கடைசி இரண்டில் எது இருந்தாலும் ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு இறுகி, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது கம்ப்யூட்டர் வலி அல்ல. இதய வலியாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழைக்கவும்.

பிசியோதெரபிஸ்ட்டைத் தேடும்போது பி.பி.டி. பட்டம் பெற்றவரா என்று கேட்டுக் கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. தமிழகத்தில் 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருவதும் சேர்க்கப்பட்டது. முதல் சந்திப்பில் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டிடவும்: "வீட்டில் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?" தெளிவான பதில் தருபவரே உங்களுக்கு ஏற்றவர். உங்கள் கம்ப்யூட்டர் மேஜையை மொபைலில் படம் எடுத்துக் கொண்டு போய்க் காட்டினால் இன்னும் நல்லது.

மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திட:

30 நிமிடத்துக்கு ஒரு முறை - எழுந்து நிற்க, பின்னால் 5 முறை வளைய, தண்ணீர் குடிக்க.

20 நிமிடத்துக்கு ஒரு முறை - 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 விநாடி பார்க்க.

காலையும் மாலையும் - தாடை 10, தோள்பட்டை 10, மணிக்கட்டு 3, எழுந்து உட்காருதல் 10. மொத்தம் எட்டு நிமிடம்.

வாரம் ஒரு முறை - மானிட்டரின் தூசியைத் துடைக்கும்போது அதன் உயரத்தையும் ஒரு தடவை சரி பார்க்க. வீட்டில் உயரம் வேறுபட்ட நான்கு பேர் பயன்படுத்தும் மேஜை அது என்பதை மறந்துவிடாதீர்கள்.